நாலு முகத்து மணிக்கூண்டும் நாற்பது நிமிடமும்

தம்பி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆளைத் திட்டாதே. அவர் உன் அப்பா. மூன்று மணிக்கெல்லாம் உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் பெடாஸிலிருந்து நீ இருக்கிற செனாவாங் போய்ச் சேர்வதற்குள் எந்தக் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி யாரோடு தே தாரேக் குடிப்பார் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஐந்துக்குள் வந்து சேர்ந்தால் என் அதிர்ஷ்டம். போனில் கூப்பிட்டால் 'பிஸிமா' என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, என் குரலை வாத்துக் குரலாக்கிக் கேட்கிறாய். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் அதுவும் இல்லை. அதனால்தான் காகிதம். இதை உன்னால் வேகமாக ஓட்ட முடியாது. உட்கார்ந்து படி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தெரியாதவன் போல நடக்கிறாயே, அதற்காக எழுதி வைக்கிறேன். ஒன்பது நாளுக்கு முன்னால் கோயிலில் உன் பரிசம். பெண் வீட்டார் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார்கள். நீ வாசலிலேயே நின்று, கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து, இரண்டு வீட்டு ஜனமும் கேட்கிற மாதிரி தர்ஷினியிடம், "டைம மதிக்காதவ என்னை எப்படி மதிப்பா?" என்று கேட்டாய். தட்டு மாற்றினோம், புடவையும் சங்கிலியும் கொடுத்தோம், எல்லாம் நடந்தது. ஆனால் நீ சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து அவள் போனை நீ எடுக்கவில்லை. நாளை புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நாம் கொடுத்த பரிசத் தட்டைத் திருப்பிக் கொடுக்க அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். நான் அதை வாங்கிக்கொண்டால் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். மீதி பக்கமெல்லாம், நாற்பத்து மூன்று வருடத்தில் உன் அப்பாவைத் தவிர யாருக்கும் நான் சொல்லாத ஒரு திருட்டுத்தனத்தைப் பற்றி.

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் கல்யாண ஆல்பத்துக்காகப் பழைய தோட்டத்து மணிக்கூண்டின் கீழே போட்டோ எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா? அவள் சிவப்புப் புடவை, நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. அழகாகத்தான் இருந்தது. நீ மட்டும் படத்தைப் பெரிதாக்கி, மேலே கடிகாரத்தின் ஒரு முகம் ஆறேகால் காட்டுகிறது, பக்கத்து முகம் மூன்று மணி காட்டுகிறது, கம்ப்யூட்டரில் இரண்டையும் சரியாக்கிக் கொடு என்று போட்டோக்காரனிடம் சண்டை போட்டாய். அவள் அப்போது சிரித்தாள். நான் சிரிக்கவில்லை; நீ ஒரு தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சோடு நின்று, ஓர் ஆள் ஒரு ஸ்குரூ முடுக்க எத்தனை விநாடி எடுக்கிறான் என்று எழுதுகிறவன் என்பது எனக்குத் தெரியும். என் தோசைக்கே எழுதியவன் நீ. திருப்பிப் போடுவதற்கு முன் பதினொரு விநாடி நான் வீணாக்குகிறேன் என்று சொன்னாய். அந்தப் பதினொரு விநாடியில்தான் தோசை வேகிறது, மகனே.

அந்த மணிக்கூண்டைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தை அழித்துத் தாமான் வீடுகள் கட்டியவர்கள் கீழே மாட்டியிருக்கிற பலகையில் இருப்பது பாதி கதை. ஜப்பான்காரன் வருவதற்கு முன், காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில், அங்கே ஒரு பெரிய துரை இருந்தார். அவர் பிறந்த ஊரில் சந்தைத் திடலுக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு இருந்ததாம். ஊர் ஞாபகம் வந்தால் மற்ற துரைமார்கள் விஸ்கி குடிப்பார்கள். இவர் அதே மாதிரி ஒன்றை இங்கே கட்டிவிட்டார். செங்கல் நம்மூர்ச் சூளையில் சுட்டது. கடிகாரமும் மணியும் கப்பலில் வந்தன. மணியை ரயிலிலிருந்து இறக்கி, மூன்று ஜோடி மாடு பூட்டி மேட்டுக்கு இழுத்தார்கள். அறுபது அடி உயரம். கீழே சதுரமாக ஆரம்பித்து மேலே போகப் போகக் குறுகும். உச்சியில் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு செப்புக் கூரை. கூரைக்குக் கீழே நாலு பக்கமும் திறந்த வளைவு, அதற்குள் மணி. அதற்கும் கீழே திசைக்கு ஒன்றாக நாலு வெள்ளை முகம். பெடாஸிலிருந்து தம்பின் வரை அதைத் தெரியாதவர்கள் இல்லை. ரயில் ஓட்டுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பெயர்ப்பலகையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது, ஆனால் ஜனங்களுக்கு அது மணிக்கூண்டுத் தோட்டம்தான்.

அதன் உயரத்தைத் துரையின் ஜம்பம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது அப்படியில்லை என்று உன் தாத்தா, அதாவது என் அப்பா, சொல்வார். அவர் ரப்பர் ஆலையில் ஃபிட்டர்; சனிக்கிழமைதோறும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அவர் வேலை. உள்ளே கம்பிவடத்தில் இரண்டு இரும்புக் கட்டிகள் தொங்கும். ஒன்று முள்ளை ஓட்டும், மற்றது மணியை அடிக்கும். சாவி கொடுத்தால் இரண்டும் உச்சிக்கு ஏறிவிடும்; அப்புறம் எட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எட்டு நாள் இறங்குவதற்கு இடம் வேண்டும், அதற்காகத்தான் அந்த உயரம். எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னால் ஏணியில் ஏறுவேன். ஆள் உயரத்துக்கு ஓர் ஊசல், அடியில் பரங்கிக்காய் அளவு இரும்புக் குண்டு, அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவசரமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். கடிகாரம் மெதுவாகப் போனால் உன் தாத்தா அந்தக் குண்டின் தலையில் பழைய சதுரக் காசு ஒன்றை வைப்பார். வேகமாகப் போனால் எடுத்துவிடுவார். அவ்வளவு பெரிய இரும்புச் சாமான் ஒரு செப்புக் காசுக்குக் கட்டுப்படும். முகத்தில் நாலாம் எண்ணுக்கு ரோமன் எழுத்தில் நாலு கோடு போட்டிருக்கும். அஞ்சிலிருந்து ஒன்றைக் கழித்து எழுத வேண்டியதுதானே என்று ஆபீசில் கணக்கெழுதுகிற படித்த கிராணி ஒருவர் கேட்டதற்கு, துரை கழிக்கிற வேலையெல்லாம் சம்பளத்தோடு சரி என்று தோட்டத்தில் பதில் சொன்னார்களாம்.

நாலு முகம் இருந்ததால் அதற்குப் பிரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். மணி பார்த்துவிட்டு வா என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'பிரம்மாவப் பாத்துட்டு வா' என்பார்கள். நம் தலையெழுத்தும் அதில்தானே இருந்தது. விடிவதற்கு முன் மணி அடித்தால் பெரட்டு. அங்கே நின்று பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாலு முகத்துக்கும் ஒரே இயந்திரம்தான், நடுவிலிருந்து நாலு தண்டு போகும், ஆனால் பல்சக்கரங்கள் தேய்ந்து தேய்ந்து ஒவ்வொரு முகமும் இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே காட்டும். வேலை வாங்குகிற மண்டோர் ஆலைப் பக்கத்து முகத்தைப் பார்த்து எங்களுக்கு நேரமாகிவிட்டது என்பார். நாங்கள் எங்கள் லயத்து வீடுகள் பக்கத்து முகத்தைக் காட்டி இன்னும் இருக்கிறது என்போம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போதாததற்குப் புறாக்கள் வேறு. பெரிய முள் மேலே ஏறுகிற நேரத்தில் நாலு புறா அதன் மேல் வரிசையாக உட்கார்ந்தால் பிரம்மாவுக்கு மூச்சு வாங்கும்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்ததும் அதன் கீழேதான். போர்டிக்சனிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்ற லாரி ஓட்டி வருவார். எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி பத்துக்கு வரும். ஒருநாள் லாரியை விட்டு இறங்கி, கூண்டைச் சுற்றி ஒரு வலம் வந்து, நாலு முகத்தையும் பார்த்துவிட்டு, எண்ணெய்க் குவளையோடு நின்ற என்னிடம் இதில் எது சரி என்று கேட்டார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அதுதான் சரி என்றேன். அவர் யோசித்து, நான் நின்ற பக்கம் வந்து நின்றுகொண்டார். அதற்குப் பிறகு லாரி இன்னும் பிந்தி வர ஆரம்பித்தது. இதை நான் உனக்கு எழுதக்கூடாது, எழுதிவிட்டேன், போ.

எண்பத்திரண்டாம் வருடம் பிறந்தபோது அரசாங்கம், கடல் தாண்டி இருக்கிற சபா சரவாக்கோடு இங்கேயும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று, தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. எங்கள் மேனேஜர் பிரம்மாவைத் தொட விடவில்லை. பால் மரம் ரேடியோ கேட்பதில்லை, வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் வரும், மணியை முன்னால் தள்ளினால் ஜனங்கள் கும்மிருட்டில் கத்தியோடு நிற்க வேண்டியதுதான் என்றார். அதனால் கேட்டுக்கு வெளியே ரேடியோ நேரம், கேட்டுக்கு உள்ளே மரத்து நேரம். வாசலைத் தாண்டினால் அரை மணி இளமையாகிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். கள்ளுக்கடைக்காரன் மட்டும் ரேடியோ நேரத்தில் திறந்து மரத்து நேரத்தில் அடைத்தான். அவனை யாரும் குறை சொல்லவில்லை. பெரிய வாக்குவாதம் ராகு காலத்தைப் பற்றித்தான். ராகுவும் எமனும் எந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கோயில் கமிட்டியில் மூன்று ஞாயிறு பேசினார்கள். கடைசியில் தோட்டத்துக் கோயிலுக்குள் நடக்கிற காரியத்துக்குத் தோட்டத்துப் பிரம்மாதான் கணக்கு என்று முடிவாயிற்று.

அந்த வருடம்தான், மணிக்கூண்டுக்கு எதிரே இருந்த தோட்டத்துக் கோயிலில், என் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். உன் தாத்தாவுக்கு நேரம்தான் சாமி. லாரிக்காரன் வேண்டாம் என்றுதான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா மகன் ஒருத்தர் என்னைக் கேட்டு, நான் மாட்டேன் என்றிருந்தேன். நல்ல மனுஷர்தான், ஆனால் சாப்பிடும்போது அவர் போடுகிற சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவரும் அன்றைக்குப் புது வேட்டியை மொடமொடப்பாகக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. மணி பதினொன்றாகியும் மாப்பிள்ளை வரவில்லை. போர்டிக்சன்காரர்கள் வருகிற பஸ்ஸின் புழுதிகூடத் தெரியவில்லை. உன் தாத்தா பந்தல் நடுவில் நின்று சத்தம் போடாமல் சொன்னார்: "பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள வந்தா சரி. இல்லன்னா என் அக்கா மகன் கட்டுவான். நேரத்துக்கு வந்து உக்காந்திருக்கான்ல." அவர் சத்தம் போட்டால் மாற்றிவிடலாம். சத்தம் போடாமல் சொன்னால் அது கல்லில் வெட்டிய எழுத்து.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நம் நேரம் அரை மணி பின்னால் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். அதனால் உன் அப்பாவைப் பெற்றவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் அரை மணி பிந்தியே புறப்படலாம் என்று சொல்லிவிட்டார். அதைத் தெரியாமல் உன் பெரியப்பா பஸ்காரரிடம் அரை மணி பிந்தி வரச் சொல்லிவிட்டார். இரண்டையும் தெரியாமல் உன் அப்பா, மாமனார் வீட்டு நேரத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, வாட்சையே அரை மணி பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஆளுக்கு அரை மணியாக மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். ஒருத்தர்மேலும் தப்பில்லை. எல்லோரும் நம் நேரத்தை மதித்ததால் வந்த வினை.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பன்னிரண்டு அடிக்கக் கூடாது. அஞ்சலை என்று ஒரு தோழி இருந்தாள். அவளிடம் வயிற்றைப் பிடித்துக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினேன். லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் வரிசைக்கு என்னை நடத்திக்கொண்டு போய், ஒரு கதவைச் சாத்தி, வெளியே தூண் மாதிரி நின்றுகொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் பொண்ணுக்கு வயிறு சரியில்லை என்றாள். நான் அந்தக் கதவுக்குள் இல்லை. கூரைப் புடவையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டு, வளையலெல்லாம் குலுங்க, கழுத்தில் ஒரு கிலோ பூவோடு, அறுபது அடிக் கூண்டுக்குள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ, இதையும் அதில் சேர்த்துக்கொள். மேலே போனதும் அந்தப் பரங்கிக்காயை இரண்டு கையாலும் பிடித்தேன். கொஞ்சம் திமிறியது, அப்புறம் நின்றது. பிரம்மா பதினொன்று இருபதில் நின்றுபோனார்.

கடிகார முகத்தில் ஆள் கை நுழைகிற அளவு ஒரு சின்னக் கதவு உண்டு. ஒரு கை குண்டிலேயே இருக்க, மறு கையால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நடந்தது எனக்குக் காது குளிரக் கேட்டது. உன் தாத்தா நிமிர்ந்து பார்த்து, பதினொன்று இருபது, இன்னும் இருக்கிறது என்றார். அப்புறம் அக்காவோடு ஒரு சண்டை, சமையல்காரரோடு ஒரு சண்டை. முடித்துவிட்டு நிமிர்ந்தார், பதினொன்று இருபது. ஒரு நிமிடத்தில் இவ்வளவு சண்டை போட முடியுமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆனால் பிரம்மாவைச் சந்தேகப்படுவது என்பது தன்னைத்தானே சந்தேகப்படுவது, அவரால் முடியாது. ஒரு கிராணி மட்டும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, அரை மணி கழித்தாலும் ஒத்துவரவில்லையே என்றார். கழிக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்று நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வியர்த்துப்போய், கடைசியில் தன் வாட்சைப் பதினொன்று இருபதுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். சமையல்காரர்தான் குழம்பிப்போனார். அன்றைக்கு அவர் அண்டாவில் அரிசி போட்ட நிமிடமே சோறு குழைந்துவிட்டது.

முப்பத்தைந்து நிமிடம். அத்தனை நேரமும் என் வாழ்க்கை என் கையில் அசையாமல் கனத்தது. பயமாக இருந்தது, தம்பி. எமகண்டத்துக்கு பயம், உன் தாத்தாவுக்கு பயம், கையை விட்டால் உன் அப்பா வராமல் போய்விடுவாரோ என்று அதைவிட பயம். கடைசியில் மேட்டு வளைவில் பஸ் திரும்பியது. கூரைமேல் வாழைக்கன்று கட்டியிருந்தது, ஜன்னலில் உன் அப்பாவின் தலை, அப்போதும் வாரிக்கொண்டுதான் இருந்தது. ஊசலை ஒரு பக்கமாக இழுத்து விட்டேன். டக், டக் என்று பிரம்மா ஒன்றுமே நடக்காதவர் போல நடக்க ஆரம்பித்தார். நான் கீழே வந்ததும் பெண்கள் சேர்ந்து வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் மூன்று குவளை குடிக்க வைத்தார்கள். தாலி ஏறியபோது பிரம்மா பதினொன்று நாற்பத்தெட்டு. உண்மையான மரத்து நேரம் பன்னிரண்டு இருபத்து மூன்று. ரேடியோ நேரம் பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. எந்தக் கணக்கில் பார்த்தாலும் எமகண்டம். அந்த வருடம் பூராவும் ஒத்துப்போகாத இரண்டு நேரமும் அதில் மட்டும் ஒத்துப்போயின.

மறுவாரம் சாவி கொடுக்கப் போன உன் தாத்தா கடிகாரம் முப்பத்தைந்து நிமிடம் பின்னால் ஓடுவதைக் கண்டுபிடித்து, புறாக்கள்தான் காரணம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தார். நாலு முகத்துக்கும் வலை அடித்தார்கள். பாவம், அவை எங்கே போயினவோ. கடைசிவரை அவருக்கு உண்மை தெரியாது. சாகிறதற்கு முந்தின தீபாவளிக்குக்கூட, தன் கடிகாரம் ஒரே ஒரு தடவைதான் தப்புக் காட்டியது, அதுவும் புறாவால் என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நான் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, அதை உன் அப்பாவிடமும் ஏழு வருடம் சொல்லாதது. ஏழு வருடம் எங்களுக்குப் பிள்ளையில்லை. மாத்திரை, விரதம், பத்துமலைக்குப் பால்குடம், எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் ஒரு குறையும் இல்லை என்பார். குறை எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எமனுடைய நேரத்தைத் திருடித் தாலி கட்டிக்கொண்டேன், அவன் வட்டிபோட்டு வாங்குகிறான் என்று தினம் தினம் என்னை நானே தின்றேன். ஒருநாள் சிரம்பானில் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "எமன் நேரத்துல கட்டுன தாலிக்கு எமனே காவல்லா. வேற எவன் கிட்ட வருவான்?" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்காக ஒருத்தி கடிகாரத்தையே பிடித்து நிறுத்தினாளா என்று வீடு வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த வருடம் நீ பிறந்தாய், அதுவும் டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் பிந்தி. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வயதில் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டாய், அதையும் பிந்தி என்று யாரும் சொல்லவில்லை.

இனி தர்ஷினியின் நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். பரிசத்தன்று அவள் எட்டு மணிக்கே புடவை கட்டிக் காரில் உட்கார்ந்தாயிற்று. அவளுடைய தாத்தாவுக்கு எண்பத்தேழு வயது. அவர் இன்னும் கடிகாரத்தில் எந்த மணியைப் பார்த்தாலும் அரை மணி கழிக்கிறவர், நம் தோட்டத்து ஆள் போலவே. தன் கணக்குப்படி நல்ல நேரம் இன்னும் பிறக்கவில்லை என்று காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கெஞ்சியும் எழவில்லை. நீ வாசலில் நின்று கேட்டபோது அவள் சொல்லியிருக்கலாம், ஆனால் தாத்தா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வீட்டு ஜனத்துக்கு முன்னால் அந்தக் கிழவரைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இதை அவள் வாயிலிருந்து பிடுங்குவதற்கு எனக்கு மூன்று நாளும் ஆறு தோசையும் ஆயிற்று. போனில் உன்னிடம் மட்டும் சொல்லத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ எடுத்தால்தானே.

ஆமாம், அவள் வர ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. இந்த வாரம் அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட், அதனால் காலையில் செனாவாங்கிலிருந்து மோட்டாரில் வருகிறாள். சனிக்கிழமை தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். ராகு காலம், உள்ளே வா என்றேன். ராகு காலம் முடிந்தது. சனிக்கிழமை திரும்பி வந்த பொருள் தனியாக வராது என்று ஒரு பழமொழியை அங்கேயே இட்டுக்கட்டினேன். ஞாயிறு வந்தாள், கரிநாள் என்றேன். நேற்று அஷ்டமி. இன்று நவமி, போதாததற்குச் செவ்வாயோ வெறுவாயோ என்றேன். ஒவ்வொரு நாளும் தட்டை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போனாள். உனக்குப் புரிகிற பாஷையில் ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்: நாலு நாளும் ரேடியோவில் பத்து மணி செய்தி ஆரம்பிக்கிறபோது கேட்டில் மோட்டார் வந்து நின்றது. ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை.

இன்றைக்குப் புறப்படும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து அவளாகவே ஏட்டைத் தூக்கினாள். நாளைக்குத் தசமி. புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, அந்தப் புதன். கீழே பொடி எழுத்தில் சுபதினம் என்று வேறு போட்டிருக்கிறான். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். எனக்கு ஒரு சாக்கும் வாயில் வரவில்லை. அவள் ஏட்டைக் கீழே விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நல்ல நாளாம் அத்தே" என்றாள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் உட்கார்ந்து யோசித்தேன். அவள் முட்டாள் இல்லை. முதல் நாளே தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்; நான் என்ன, பின்னாலேயே ஓடவா போகிறேன்? என் பழமொழி பொய் என்று அவளுக்குத் தெரியாதா? வேண்டாம் என்று முடிவு செய்த பெண்ணுக்கு ஒரு தட்டைத் திருப்பிக் கொடுக்க நாலு நாள் ஆகுமா, தம்பி? நாளைக்குப் பத்து மணிக்கு அவள் வரும்போது நான் கதவைத் திறக்கப் போவதில்லை. நீ வந்து திற.